அவன் தலை மேல் சத்தியம்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பி மில்லில் பதினெட்டு வருடமாக கிரேன் ஓட்டுகிறேன். கிரேன் என்றதும் ரோட்டில் போகிற மஞ்சள் வண்டியை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது கொட்டகையின் உச்சியில், இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடுவே தண்டவாளத்தில் உருண்டு போகும் ஓர் இரும்புப் பாலம். அதற்கு அடியில் ஒரு கண்ணாடிக் கூண்டு தொங்கும். அந்தக் கூண்டுக்குள்தான் என் ஆயுசில் பாதி கழிந்திருக்கிறது. கீழே உலையிலிருந்து வரும் சூடு முழுக்க மேலே ஏறி என்னிடம்தான் வரும். எனக்குக் கோபம் அதிகம் என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். அந்தக் கூண்டில் எட்டு மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

இந்த வேலையில் ஒரே ஒரு சட்டம்தான் முக்கியம். மேலே இருப்பவன் தன் கண்ணை நம்பக்கூடாது, கீழே நிற்கும் சிக்னல்காரனின் கையை நம்ப வேண்டும். மில் சத்தத்தில் பேச்சு எடுபடாது. கையை உயர்த்தி விரலைச் சுழற்றினால் தூக்கு. கையைத் தாழ்த்தி விரலைச் சுழற்றினால் இறக்கு. இரண்டு கையையும் விரித்து வீசினால் அப்படியே நிறுத்து. அதை மட்டும் யார் காட்டினாலும் நிறுத்தியாக வேண்டும். இரண்டு டன் கம்பிக் கட்டு ஒரு மனிதனின் விரல் நுனியைப் பார்த்துத்தான் மேலே போகும், கீழே வரும்.

என் சிக்னல்காரன் ஒடிசாக்காரன். முப்பது, முப்பத்திரண்டு வயதிருக்கும். ஒல்லி, மஞ்சள் பாரித்த கண்கள். ஆறு வருடம் எனக்குக் கீழே நின்றான். அவனுக்குத் தமிழில் அண்ணா, தண்ணி, சாப்பாடு என்று ஐந்தாறு சொல் வரும். எனக்கு அவன் பாஷையில் அதுவும் வராது. "நாங்க ரெண்டு பேரும் ஆறு வருஷமா ஒரு வார்த்தை பேசினதில்ல, ஒரு தகராறு வந்ததில்ல" என்று வீட்டில் பெருமையடித்துக்கொள்வேன். "என்கிட்டயும் அப்படியே இருங்களேன்" என்பாள் என் மனைவி.

அவசரத்துக்கு எங்கள் இருவருக்கும் நடுவில் பேச ஒருவன் இருந்தான். அதே ஊர்க்காரன், அதே அறையில் தங்கியிருப்பவன், கம்பிக் கட்டுக்குச் சங்கிலி மாட்டும் வேலை. இங்கே வந்து எட்டு வருடத்தில், டீக்கடையிலேயே தமிழ் கற்றுக்கொண்டவன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் எளாவூரில் பிறந்தவன் என்றுதான் சொல்வீர்கள். என்னைவிட நன்றாகத் தமிழ் பேசுகிறான் என்று நான் அவனைச் சீண்டாத நாள் கிடையாது.

நாலு வருடத்துக்கு முன்பு ஒரு மார்கழி காலையில் சிக்னல்காரன் வேலைக்கு வரும் வழியிலேயே சுருண்டுவிட்டான். பழைய இரும்பு கொட்டும் மேட்டுக்குப் பின்னால் இரண்டு முழங்காலையும் கட்டிக்கொண்டு, சத்தமே இல்லாமல் அழுதுகொண்டிருந்தான். என் வண்டியில் நடுவில் உட்காரவைத்து, தமிழ் தெரிந்தவன் பின்னால் பிடித்துக்கொள்ள, அவர்கள் அறைக்குக் கொண்டுபோனேன். ஆரம்பாக்கம் போகும் வழியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வரிசை வீடுகளில் ஒன்று. எட்டுப் பேர் ஷிஃப்ட் மாற்றி ஷிஃப்ட் தூங்குவார்கள்.

"இன்னாடா இது, எங்கயாச்சும் வுழுந்தானா?" என்று கேட்டேன்.

"வுழல அண்ணா. பொறந்ததுலருந்தே ரத்தத்துல நோவு. சிக்கிள் செல்னு பேரு. குளிரு பட்டா, தண்ணி கம்மியா குட்ச்சா எலும்பெல்லாம் ஒடைக்கிற மாதிரி வலிக்கும். எங்க ஊரு பக்கம் நெறைய பேருக்கு இருக்குது" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "கம்பெனிக்குத் தெரிஞ்சா நாளைக்கே கேட்டுக்கு வெளியதான். யாருக்கும் சொல்லிடாத."

சொல்ல மாட்டேன் என்று தலையாட்டினேன். படுத்திருந்தவனுக்கு அது போதவில்லை. என் வலது கையைப் பிடித்து இழுத்துத் தன் தலை மேல் வைத்துக்கொண்டான். முடி வியர்வையில் நனைந்திருந்தது. மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. தலை மேல் கை வைத்துச் சத்தியம் செய்வதை எங்கள் வீட்டில் விளையாட்டுக்குக்கூட விடமாட்டார்கள். மீறினால் எந்தத் தலையில் கை வைத்தோமோ அந்தத் தலை வெடித்துவிடும் என்று சொல்லி வளர்த்த வீடு. ஒடிசாவிலும் அப்படித்தான் போலிருக்கிறது. "சத்தியமா சொல்ல மாட்டேன்" என்றேன். அவன் கையை விட்டான்.

அதற்குப் பிறகு அவனைப் பார்க்கும் விதமே எனக்கு மாறிவிட்டது. கூண்டிலிருந்து குனிந்து, தண்ணீர் பாட்டில் பக்கத்தில் இருக்கிறதா என்று பார்ப்பேன். இல்லையென்றால் கொக்கியை அசைக்காமல் ஹாரன் அடிப்பேன். அவன் சிரித்துக்கொண்டே குடித்துக் காட்டுவான். அந்த ரகசியம் எங்கள் மூன்று பேருக்குள் மூன்று வருடம் இருந்தது.

போன வருடம் வைகாசியில் ஒரு நாள், காலை பத்து மணி இருக்கும். லாரிக்கு ஏற்ற ஒரு கம்பிக் கட்டைத் தூக்கிக்கொண்டிருந்தேன். அவன் வலது கை உயரத்தில் சுழன்றுகொண்டிருந்தது. திடீரென்று கை கீழே வந்தது. தொடையோடு தொங்கிய கையில் விரல் மட்டும் சின்னதாகச் சுற்றி நடுங்கியது. எங்கள் பாஷையில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: மெதுவாக இறக்கு. பாதி உயரத்தில் ஏன் இறக்கச் சொல்கிறான் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே இறக்கினேன். என் கண்ணை நம்பியிருந்தால், கட்டுக்கு நேர் கீழே அவனே தள்ளாடி வந்து நிற்பதைப் பார்த்திருப்பேன். நான் அவன் கையை நம்பினேன்.

தமிழ் தெரிந்தவன்தான் இரண்டு கையையும் வீசிக்கொண்டு குறுக்கே ஓடிவந்தான். நிறுத்தினேன். கட்டு இவர்கள் தலைக்கு மேலே ஓர் ஆள் உயரத்தில் நின்று ஆடியது. அவன் இவனை இடுப்போடு கட்டி இழுத்துக்கொண்டு போனான்.

பயந்தால் எனக்கு வருவது கோபம்தான். ஏணியில் இறங்கிப் போய் அவன் சட்டையைப் பிடித்தேன். "இன்னாடா வெளையாடுறியா? தலை மேல எறக்கியிருப்பேன்டா பாவி!" என்று கத்தினேன். அவன் என்னைப் பார்த்தான். வாய் ஒரு பக்கமாகக் கோணியது. இளிக்கிறான் என்று நினைத்தேன். இதை எழுதும்போதும் கூசுகிறது. அவன் மண்டைக்குள் இரத்தம் கசிந்து முகத்தின் பாதி இறந்துகொண்டிருந்தது. நான் அவன் இளிக்கிறான் என்று நினைத்து இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்துத் திட்டினேன்.

சூப்பர்வைசர் வந்தார். "வெயிலுப்பா. மோரு குடு, நெழல்ல உக்கார வெய்யி, சரியாப் பூடும்" என்றார். உலைக்குப் பக்கத்தில் யார் விழுந்தாலும் எங்களுக்கு அது வெயில்தான். மோர் கொடுத்தோம். வாயின் வலது ஓரத்தில் அப்படியே வழிந்து சட்டையில் இறங்கியது. அவன் இடது கையைத் தூக்கித் தலையைத் தொட்டுக் காட்டினான். ஏதோ சொல்ல வந்தான், வெறும் சத்தம்தான் வந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது, இது வெயில் இல்லை என்று. ஏணியில் இறங்கிய நேரம், திட்டிய நேரம், மோர் தேடிய நேரம் எல்லாம் சேர்த்துப் பத்துப் பதினைந்து நிமிடம் போயிருக்கும்.

மில் வண்டியில் சென்னைக்குப் பறந்தோம். பறந்தோம் என்பது பேச்சுக்கு. கல்கத்தா நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே நுழைந்து நுழைந்து, தச்சூர் தாண்டி, செங்குன்றம் தாண்டி. வழியில் இரண்டு முறை வாந்தி எடுத்தான். அவன் தலை என் மடியில் இருந்தது. கனமாக, சூடாக. முன் சீட்டில் சூப்பர்வைசர். எனக்கு எதிரில் தமிழ் தெரிந்தவன், அவன் காலைப் பிடித்துக்கொண்டு.

பெரிய ஆஸ்பத்திரியில் உடனே உள்ளே எடுத்துக்கொண்டார்கள். ஸ்கேன் எடுத்த பிறகு ஒரு பெண் டாக்டர் தாழ்வாரத்துக்கு வந்தார். என் மூத்த மகள் வயதுதான் இருக்கும்.

"மூளையில இடது பக்கம் ரத்தக் கசிவு. நெறையவே கசிஞ்சிருக்கு. இந்த வயசுல காரணம் இல்லாம வராது. பி.பி. இருக்கா? குடிப்பாரா? வேற ஏதாவது வியாதி?"

"ஒண்ணும் இல்ல மேடம். மெடிக்கல் செக்கப் பண்ணித்தான் எடுத்தோம். நல்லா ஃபிட்டா இருந்தான்" என்றார் சூப்பர்வைசர்.

நான் தமிழ் தெரிந்தவனைப் பார்த்தேன். கூடப் பிறந்தவன் மாதிரி இருப்பவன், அவன் சொல்வான் என்று பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். டாக்டர் திரும்பி நடக்க ஆரம்பித்தார்.

அந்தத் தாழ்வாரத்தில் அவர் பத்து அடி வைத்திருப்பார். அதற்குள் என் மண்டைக்குள் ஒரு பஞ்சாயத்தே நடந்து முடிந்தது. சொன்னால் வேலை போகும். அது கிடக்கட்டும். தலை மேல் செய்த சத்தியம்? ஏற்கெனவே வெடித்த தலைக்கு இனிமேல் வெடிக்க என்ன இருக்கிறது என்று ஒரு புத்தி சொன்னது. வெடித்தது பாதிதான், மீதியை நீ வெடிக்க வைக்கப் போகிறாயா என்று இன்னொரு புத்தி கேட்டது. நான் கோயிலுக்கே வருடத்துக்கு ஒருமுறை, திருப்பாச்சூருக்கு, அதுவும் மனைவியின் தொந்தரவுக்குப் போகிறவன். அப்படிப்பட்ட நானே அன்று, சொன்ன அடுத்த நொடி உள்ளேயிருந்து அலறல் கேட்குமோ என்று நிஜமாகவே பயந்தேன்.

"டாக்டரம்மா! அவனுக்கு சிக்கிள் செல் இருக்குது. பொறந்ததுலருந்தே" என்று கத்திவிட்டேன்.

அவர் நின்றார். முகம் மாறியது. "நல்ல வேளை" என்று மட்டும் சொல்லிவிட்டு போனைக் காதில் வைத்துக்கொண்டு ஓடினார். டாக்டர்கள் ஓடி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சூப்பர்வைசர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் அவரை விட்டுவிட்டு மற்றவன் பக்கம் திரும்பினேன்.

"உன் வாயில இன்னா கொழுக்கட்டையா? அவன் செத்தாலும் பரவால்லனு நின்னுக்கினு இருந்தியா?"

"சத்தியம் பண்ணியிருக்கேன் அண்ணா" என்றான் நிமிராமல்.

கோழை என்று நினைத்தேன். வாய்விட்டும் சொன்னேன்.

அன்று மாலை அந்தப் பெண் டாக்டர் எங்களை உட்காரவைத்து ஒரு தாளில் வரைந்து காட்டினார். நல்ல இரத்த அணு வட்டமாக இருக்கும், எந்தச் சந்திலும் வளைந்து நெளிந்து போய்விடும். இவனுடையது களைத்துப்போனால் அரிவாள் மாதிரி வளைந்து விறைத்துவிடும், போகிற வழியை எல்லாம் அடைத்துக்கொள்ளும், அடைத்து அடைத்து மூளைக்குள் போகும் குழாய்கள் நைந்துபோகும், நைந்தது ஒரு நாள் கிழியும் என்றார். நாங்கள் ஆரம்பாக்கத்தில் கூலிக்கு நெல் அறுத்த குடும்பம். கதிர் அரிவாள் எப்படியிருக்கும் என்று எனக்கு யாரும் வரைந்து காட்ட வேண்டாம். அதைக் கோடிக்கணக்கில் உடம்புக்குள் வைத்துக்கொண்டு ஒருவன் உலைக்குப் பக்கத்தில் ஆறு வருடம் நின்று, ஒருநாளும் தப்பாக விரல் காட்டாமல் இருந்திருக்கிறான். அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் சொன்னார். காட்டுப் பக்கங்களில் மலேரியா அடித்து ஜனங்கள் செத்துக்கொண்டிருந்த காலத்தில், இந்த இரத்தம் கொஞ்சம் கலந்திருந்தவர்கள்தான் அதிகம் பிழைத்தார்களாம். அப்பா அம்மா இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் காவல். இருவரிடமிருந்தும் வந்தால் இந்த நோவு. பிழைக்க வைத்ததும் கொல்ல வருவதும் ஒன்றே என்றால் யாரிடம் போய்க் கோபித்துக்கொள்வது? எனக்குக் கோபிக்க ஆள் கிடைக்காத முதல் நாள் அது.

அவனுடைய இரத்தத்தை மாற்றப்போவதாகச் சொன்னார்கள். ஏற்றுவது இல்லை, மாற்றுவது. அப்படியே மண்டையைத் திறந்தால் மயக்க மருந்திலும் களைப்பிலும் இருக்கிற அணுக்கள் எல்லாம் வளைந்து உடம்பு முழுக்க அடைத்துக்கொள்ளுமாம். அதனால் ஒரு குழாய் வழியாக அவன் இரத்தத்தை எடுத்துக்கொண்டே இன்னொரு குழாய் வழியாக வேறு இரத்தத்தைக் கொடுத்தார்கள். கதவு திறந்து மூடும் இடைவெளியில் அதைப் பார்த்தேன். மில்லில் ஒரு மோட்டாருக்கு எண்ணெய் மாற்றவேண்டும் என்றால்கூட லைனை நிறுத்திவிட்டுத்தான் மாற்றுவோம். இங்கே நெஞ்சு துடித்துக்கொண்டே இருக்கிறது, உள்ளே ஓடுவதை மாற்றுகிறார்கள். கை தன்னால் கும்பிட்டுவிட்டது. அந்தப் பக்கம் போன நர்ஸ் தன்னைத்தான் கும்பிடுகிறேன் என்று நினைத்துத் தலையசைத்துவிட்டுப் போனார்.

எடுத்த இரத்தத்துக்கு ஈடாக ஆட்கள் கொடுக்க வேண்டும் என்றார்கள். காலை ஷிஃப்ட் முடிந்து, குளிக்காமல்கூட, ஒரு வேனில் பதினோரு பேர் வந்து இறங்கினார்கள். தமிழ்க்காரன், பீகார்க்காரன், ஆந்திராப் பக்கத்துக்காரன் எல்லாம் இருந்தார்கள். குழாயடியில் அவனோடு தினமும் சண்டை போடும் லாரி லோடுமேன் ஒருவர்தான் முதலில் சட்டைக் கையைச் சுருட்டினார். நானும் கொடுத்தேன். "என் ரத்தம் அவனுக்குத்தான் போவுமா?" என்று கேட்டேன். "அப்படி இல்ல சார். சின்ன வயசுலருந்து நெறைய தடவ ஏத்தியிருக்காங்க, அவர் உடம்பு எல்லா ரத்தத்தையும் ஒத்துக்காது. ஒத்துப்போறத ஏற்கெனவே தேடி எடுத்துக் குடுத்தாச்சு. உங்களது வேற யாருக்காவது போகும்" என்றார் அங்கிருந்தவர். ஊர் பேர் தெரியாத யாரோ என்றோ படுத்துக் கொடுத்துவிட்டுப் போனது இவனுக்குள் ஓடுகிறது. கும்மிடிப்பூண்டி இரும்புத் தூசோடு வந்தவன் கொடுத்தது நாளை யாருக்குள்ளோ ஓடும். அன்று பஸ்ஸில் திரும்பும்போது பக்கத்து சீட்டுக்காரரின் தோள் என் மேல் இடித்தது. எப்போதும் முறைப்பேன். அன்று நகர்ந்து இடம் கொடுத்தேன்.

மண்டையைத் திறந்து உறைந்த இரத்தத்தை எடுத்தார்கள். ஆறாவது நாள் கண் விழித்தான். உயிர் தங்கிவிட்டது என்றார்கள். பேச்சு வரவில்லை, வலது கை அசையவில்லை.

என்னை உள்ளே விட்டபோது எனக்கு ஒரு கர்வம் இருந்தது. பேச்சு போனால் என்ன, எங்களுக்கு எப்போது பேச்சு இருந்தது? கட்டில் ஓரத்தில் நின்று கையை உயர்த்தி விரலைச் சுழற்றினேன். தூக்கு. அவன் பார்த்தான். இறக்கு என்று காட்டினேன். நிறுத்து என்று இரண்டு கையையும் விரித்தேன். அவன் என் முகத்தைப் பார்த்தான், கையைப் பார்த்தான், மறுபடி முகத்தைப் பார்த்தான். என்னைத் தெரிகிறது, கண்ணில் தண்ணீர் வருகிறது. ஆனால் நான் காட்டுவது என்னவென்று தெரியவில்லை. அவனே எனக்கு ஆயிரம் தடவை காட்டிய கை.

வெளியே வந்து அந்தப் பெண் டாக்டரிடம் கேட்டேன். "அடிபட்டது பேச்சு இருக்கிற எடம்தானே? ஜாடைக்கு இன்னா ஆச்சு?"

"ஜாடைனா சும்மா கை ஆட்டுறதா நினைச்சீங்களா? அதுக்கு ஒரு அர்த்தம், ஒரு வரிசை, ஒரு ஒழுங்கு இருக்கு இல்ல? அதுவும் பேச்சுதான். பெரும்பாலும் பேச்சு இருக்கிற எடத்துலயேதான் அதுவும் இருக்கும். பேச்சு திரும்பும்போது அதுவும் திரும்பலாம்" என்றார்.

தாழ்வாரத்து பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டேன். ஆறு வருடமாக நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். தினமும் எட்டு மணி நேரம் பேசியிருக்கிறோம். என் மனைவியோடு, என் பிள்ளைகளோடு பேசியதைவிட அதிகமாக அவனோடு பேசியிருக்கிறேன். அது பேச்சு என்று தெரிய அவன் அதை இழக்க வேண்டியிருந்தது. அன்றைக்கு அழுதேன், வெட்கமில்லாமல், எல்லோரும் பார்க்க.

இரண்டு நாள் ரயிலில் உட்கார்ந்து அவன் மனைவி வந்து சேர்ந்தாள். சின்ன உருவம், பெரிய கைகள். கட்டிலருகே ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு அவன் வலது கை விரல்களை ஒவ்வொன்றாக நீவிக்கொண்டே இருப்பாள். எனக்குள் ஒரு முள் இருந்தது. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்து, தமிழ் தெரிந்தவனைக் கூப்பிட்டேன். அதுவரை மொழிபெயர்ப்புக்குத் தவிர அவனிடம் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. "அவ புருசன் தலை மேல கை வெச்சு சத்தியம் பண்ணேன், அதை ஒடச்சிட்டேன், மன்னிக்கச் சொல்லு" என்றேன்.

அவன் சொன்னான். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே நீளமாக ஏதோ சொன்னாள்.

"கண்ணாலத்துக்கு முன்னாடி அவகிட்டயும் இதே சத்தியம் வாங்கினானாம் அண்ணா. உங்க ஊட்ல சொல்லக் கூடாதுனு. அவ மறுநாளே போயி அம்மாகிட்ட சொல்ட்டாளாம். தலைக்கு ஒண்ணும் ஆவல, கண்ணாலம் மட்டும் ஆச்சுன்றா."

கட்டிலில் கிடந்தவனும் கோணல் வாயால் சிரித்தான். அவனுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகுதான் என் வலது கை எனக்குத் திரும்பக் கிடைத்தது மாதிரி இருந்தது.

ஆனால் வேலை போய்விட்டது. மெடிக்கலில் மறைத்தவனைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று காண்ட்ராக்டர் சொல்லிவிட்டார். நான் போய்க் கத்தினேன். "நீதானேய்யா சொன்ன?" என்றார். நான் வாயைத் திறந்ததால் உயிர் நின்றது, அதே வாயால் பிழைப்பும் போனது. அவன் மனதில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளவும் வழியில்லை.

ஆவணியில் அவர்கள் ஊருக்குக் கிளம்பினார்கள். அதற்குள் சொற்கள் ஒன்றிரண்டாகத் திரும்பத் தொடங்கியிருந்தன. முதலில் அவன் பாஷை, பிறகு எப்படியோ கொஞ்சம் தமிழ். காலை பத்து மணிக்கு அந்த அறைக்குப் போனேன். தமிழ் தெரிந்தவனோடு சேர்த்து ஷிஃப்ட்டுக்குப் போகாத நாலு பேர் இருந்தார்கள். அவன் மனைவி பைகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவன் பிளாஸ்டிக் நாற்காலியில், வலது கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் "அண்ணா" என்றான். தெளிவாகச் சொன்னான்.

நான் கிளம்பும் நேரம் பற்றி ஏதோ கேட்டேன். அவன் அதைக் காதில் வாங்கவில்லை. சுவரோரம் நின்றிருந்த ஒருவனைப் பார்த்து, "சொல்லு" என்றான். தமிழில்தான், எனக்கும் புரியட்டும் என்று. அந்த ஆள் தயங்கினான். "சொல்லு" என்றான் மறுபடியும், மூச்சைக் கூட்டி, அந்த ஒரு சொல்லுக்கு முகமெல்லாம் இறுக.

அந்த ஆள் அவர்கள் பாஷையில் மெதுவாகச் சொன்னான். தமிழ் தெரிந்தவன் எனக்கு மாற்றிச் சொன்னான். "இவனுக்கும் அதே ரத்தம்தானாம் அண்ணா. வருசத்துக்கு ரெண்டு வாட்டி நோவு வருமாம். நீ தெரிஞ்சி வெச்சிக்கணுமாம். நாளைக்கு இவன் வுழுந்தா நீ டாக்டர்கிட்ட சொல்லணுமாம்."

நாற்காலியில் இருந்தவன் அடுத்தவனைப் பார்த்தான். "சொல்லு." அடுத்தவன் சொன்னான். "இவனுக்கும் அண்ணா." மூன்றாவது ஆள், தினமும் உலை வாயில் நிற்பவன், கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டான். "இவனுக்கும்."

மூன்று பேரும் தினமும் என் கொக்கிக்குக் கீழே நடமாடுகிறவர்கள். அவர்கள் உயிரை என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போகத்தான் இவன் எனக்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறான். என் மேல் அவனுக்குக் கோபம் இல்லை என்பதை இதைவிடப் பெரிதாக யாரும் எனக்குச் சொல்லியிருக்க முடியாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, முடிந்தது என்று எழுந்தேன்.

அவன் இடது கையால் என்னை உட்காரச் சொன்னான். பிறகு தலையைத் திருப்பி, என் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் எனக்கு மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தவனைப் பார்த்தான்.

"சொல்லு" என்றான்.

தமிழ் தெரிந்தவன் வெகுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான், அன்று ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நின்ற மாதிரியே. அவன் சொல்லப்போவதை எனக்கு மாற்றிச் சொல்ல அங்கே வேறு யாரும் இல்லை.

"எனக்கும்தாண்ணா" என்றான்.